மலையக மழைக்கும் குளிருக்கும் ஏற்ற வீட்டுக் கொம்போஸ்ட் தொட்டி

நோர்வூட் பக்கம் ஒரு தோட்டத்தில் லயத்தை விட்டு, 7 பேர்ச்சஸ் காணியில் கட்டிய தனி வீட்டுக்குக் குடிவந்திருக்கும் ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார்: "சமையலறைக் கழிவையும் முற்றத்தில் வெட்டும் புல்லையும் ஒரு பழைய நீல பெரலில் போட்டு வந்தோம். இரண்டு மாதத்துக்குள் கறுப்புச் சேறாகி நாறுகிறது, புழு வைத்துவிட்டது, பக்கத்து வீட்டார் முகம் சுளிக்கிறார்கள். நம்ம மழைக்கும் குளிருக்கும் கொம்போஸ்ட் சரிவருமா, இல்லை குழி தோண்டிப் புதைத்துவிடுவதா?"

சரிவரும், தங்கச்சி. நன்றாகவே சரிவரும். பெரலையும் எறிய வேண்டாம். ஆனால் அதை மூன்று விதத்தில் மாற்ற வேண்டும்: மழை உள்ளே போகக் கூடாது, காற்று உள்ளே போக வேண்டும், பச்சைக் கழிவுக்குச் சமமாக இல்லை, அதைவிட அதிகமாகக் காய்ந்த சருகு போக வேண்டும். இந்த மூன்றில் மூன்றாவதுதான் நம்மூரில் ஆட்கள் விட்டுவிடுவது. கூட்டெரு பற்றிச் சொல்லிக்கொடுப்பவர்கள் பெரும்பாலும் வெயில் காய்கிற ஊரை மனதில் வைத்துச் சொல்கிறார்கள். "அடிக்கடி தண்ணீர் தெளியுங்கள்" என்று அவர்கள் சொல்வதை நோர்வூட்டிலோ வட்டவளையிலோ அப்படியே செய்தால் உங்களுக்கு வந்த சேறுதான் வரும். மே தொடங்கி செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை, அது ஓய்ந்தால் ஒக்டோபர், நவம்பரில் பின்னேர இடி மழை. நம் பக்கத்தில் கொம்போஸ்டுக்குத் தண்ணீர் போதாமல் போவது வருடத் தொடக்கத்தில் சில வாரங்கள் மட்டும்தான்.

அது ஏன் நாறுகிறது என்று தெரிந்தால் மற்றதெல்லாம் தானாக விளங்கும். கழிவை எருவாக்குவது கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள். அவற்றில் நமக்கு வேண்டியவை காற்றில் வாழ்பவை. இலைக்கும் தோலுக்கும் இடையில் இருக்கும் சின்னச் சின்ன இடைவெளிகளில்தான் அவற்றுக்கு ஒட்சிசன் கிடைக்கிறது. அந்த இடைவெளி முழுக்கத் தண்ணீர் நிரம்பிவிட்டால், ஒட்சிசன் காற்றில் பரவுவதைவிடத் தண்ணீரில் ஏறத்தாழ பத்தாயிரம் மடங்கு மெதுவாகத்தான் பரவும். காற்று இல்லாத அந்த இடத்தில் வேறு வகைக் கிருமிகள் பெருகி அழுகல் தொடங்குகிறது. அழுகிய முட்டை வாடை அங்கேதான் பிறக்கிறது. ஆகவே நாற்றத்துக்கு வாசனைத் தூளோ மருந்தோ தேட வேண்டியதில்லை. தண்ணீரைக் குறைத்து காற்றைக் கொடுத்தால் இரண்டு மூன்று நாளில் வாடை போய்விடும்.

முதலில் இப்போது பெரலில் இருக்கும் சேற்றைப் பார்ப்போம். மழை இல்லாத ஒரு காலையில் பழைய உரச்சாக்குகளை விரித்து அதன்மேல் கொட்டுங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், காலுக்கு சப்பாத்து போடுங்கள். சேறு எவ்வளவோ அதில் இரண்டு மடங்கு காய்ந்த இலை, கிழித்த காட்போட், உமி, எது கையில் இருக்கிறதோ அதைச் சேர்த்து மண்வெட்டியால் பிரட்டுங்கள். கொட்டியவுடன் அரை மணிநேரம் வாடை அதிகமாகத்தான் இருக்கும். பக்கத்து வீட்டு அக்காவிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிடுவது நல்லது. கலந்ததைத் திரும்பப் பெரலில் போடலாம். கெட்டுப்போனது என்று எதுவும் இதில் வீணாவதில்லை.

அப்புறம் பெரல். அடிப்பாகத்தை முழுவதுமாக வெட்டி எடுங்கள். பக்கங்களில் அரை அங்குல ஓட்டைகள், அரை அடிக்கு ஒன்றாக, சுற்றிவரப் போடுங்கள். துளையிடும் மெஷின் இல்லாவிட்டால் அடுப்பில் பழுக்கக் காய்ச்சிய கம்பியால் குத்தினாலும் ஓட்டை விழும், புகையை மட்டும் சுவாசிக்காதீர்கள். பெரல் முன்பு எதற்குப் பயன்பட்டது என்று கட்டாயம் கேட்டுக்கொள்ளுங்கள். பூச்சிமருந்தோ களைமருந்தோ இருந்த பெரல் இதற்கு ஆகாது, எத்தனை தரம் கழுவினாலும் ஆகாது. அடியில் அரை அங்குலக் கண்ணுள்ள இரும்பு வலை ஒன்றைப் பரப்பி அதன்மேல் பெரலை நிறுத்துங்கள். சாதாரணக் கோழிக்கூட்டு வலையின் கண் பெரிது, எலி நுழைந்துவிடும். மண்புழுவுக்கு அரை அங்குலம் தாராளம், அது கீழிருந்து ஏறி வரும்.

மூடியில்தான் கவனம் முழுவதும் இருக்க வேண்டும். பெரலின் சொந்த மூடியை இறுக்கிப் பூட்டினால் காற்று இல்லை, திறந்து வைத்தால் மழை. ஒரு துண்டுக் கூரைத் தகரத்தைப் பெரலை விடச் சுற்றிவர ஒரு சாண் அகலமாக வெட்டி, நான்கு கல்லின் மேல் சற்றுச் சரிவாக வைத்து, மேலே ஒரு கனமான கல்லை வையுங்கள். பெரல் வாய்க்கும் தகரத்துக்கும் இடையில் விரல் நுழையும் இடைவெளி போதும், அதற்கும் அதே இரும்பு வலையைச் சுற்றிக் கட்டிவிட்டால் எலி பயமில்லை. நம்ம பக்கத்து மழை காற்றோடு சேர்ந்து பக்கவாட்டில் அடிக்கும். ஆகவே காற்று வரும் பக்கத்து ஓட்டைகளுக்கு வெளியே ஒரு சாக்கைத் தொங்கவிடுங்கள். தகரத்தில் தண்ணீர் தேங்கும் பள்ளம் இருந்தால் தட்டி நேராக்குங்கள், நுளம்பு முட்டையிட அந்தக் கொஞ்சத் தண்ணீர் போதும்.

பெரல் கிடைக்காதவர்களுக்கும் வழி உண்டு. கிளிசரியா தடிகளை மூன்றடி விட்டத்தில் வட்டமாக நெருக்கமாய் நட்டு, உள்பக்கம் பழைய சாக்கைக் கட்டினால் அதுவே தொட்டி. தடி துளிர்த்து வேலியாகும், வெட்டிப் போடும் இலை தொட்டிக்குள்ளேயே பசுந்தாளாகும். நுவரெலியாவின் உச்சிக் குளிரில் கிளிசரியா அவ்வளவாக எழும்பாது. அங்கே மூங்கிலோ, மரப்பட்டியலோ, கம்பி வலையோதான் வசதி. எதில் செய்தாலும் தகரக் கூரை மாறாது.

இடம் பார்க்கும்போது சரிவை மறக்காதீர்கள். வீட்டுக்குப் பின்னால் வெட்டிய மண்சுவரின் மேல்விளிம்பில் தொட்டியை வைக்க வேண்டாம். ஈரமும் பாரமும் சேர்ந்து அந்த விளிம்பில் ஏறுவது நல்லதல்ல. குப்பையைச் சரிவில் தள்ளி கானை அடைத்துவிடுவதும் அதே ஆபத்துத்தான். கானில் ஓட வேண்டிய மழைத்தண்ணீர் மண்ணுக்குள் இறங்கினால் சரிவு இளகும். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயன்களோடு மண் சரிந்ததைப் பார்த்த நாம், கானைத் துப்புரவாக வைத்திருப்பதைச் சின்ன விடயமாக நினைக்கக் கூடாது. குடிதண்ணீர்ப் பீலிக்கும் ஊற்றுக்கும் மேல்பக்கத்தில் தொட்டி வேண்டாம். வீட்டுக்குப் பக்கவாட்டில், சமதரையில், காலை வெயில் படும் இடம் நல்லது. மேல்சரிவுப் பக்கம் ஒரு சின்னக் கான் பிறை வடிவில் வெட்டி, வரும் தண்ணீரைச் சுற்றி அனுப்பிவிடுங்கள். சமையலறைக் கதவிலிருந்து தூரமாக வைத்தால் மழை நாட்களில் யாரும் போக மாட்டார்கள், வாளி வாசலிலேயே நிற்கும். ஆகவே பத்துப் பதினைந்து எட்டுக்குள் இருக்கட்டும்.

இனி சருகு. எனக்கு இதைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் போதாது.

நுண்ணுயிர்களுக்கு உடலைக் கட்ட நைதரசன் வேண்டும், எரித்துச் சக்தி பெறக் காபன் வேண்டும். காபன் 25 முதல் 30 பங்குக்கு நைதரசன் ஒரு பங்கு என்ற அளவில் இருந்தால் வேலை சீராக ஓடும். மரக்கறித் தோலில் காபன் பதினைந்து இருபது பங்குதான், காய்ந்த இலையில் ஐம்பது அறுபது பங்கு, மரத்தூளில் முந்நூறுக்கும் மேல். கணக்கு வேண்டாம் என்றால் வாளியை வைத்து அளவிடுங்கள்: ஒரு வாளி சமையலறைக் கழிவுக்கு இரண்டு வாளி காய்ந்த சருகு, மழைக்காலத்தில் மூன்று வாளி. சருகுக்கு இரண்டு வேலை. நைதரசனை ஈடுகட்டுவது ஒன்று, ஈரத்தை உறிஞ்சி இடைவெளியைத் தாங்கிப் பிடிப்பது மற்றது. மழை ஓயாத நம்ம பக்கத்தில் இரண்டாவதுதான் பெரிய வேலை.

சிக்கல் என்னவென்றால் சருகு அதிகம் தேவைப்படும் ஜூன், ஜூலையில் காய்ந்த இலை ஒன்றுகூடக் கிடைக்காது. எல்லாம் நனைந்து தரையோடு ஒட்டிக் கிடக்கும். அதனால் ஜனவரியிலிருந்து மார்ச் வரை வெயில் அடிக்கும் காலத்திலேயே சேர்த்துவைக்க வேண்டும். உரச்சாக்குகளில் இறுக்கி நிரப்பி, வாய் கட்டி, கூரைத் தாழ்வாரத்தில் தரை தொடாமல் இரண்டு கட்டையின் மேல் அடுக்குங்கள். ஒரு வீட்டுக்கு எட்டுப் பத்துச் சாக்கு இருந்தால் பருவமழை முழுவதையும் தாண்டலாம். விறகு சேர்ப்பதுபோல இதையும் வருடாந்த வேலையாக எடுத்துக்கொள்ளுங்கள். தொட்டியை எந்த மாதத்தில் தொடங்குவது என்று கேட்டால் பெப்ரவரி என்பேன், அதற்கு இதுதான் காரணம்.

எந்தச் சருகு என்பதிலும் வித்தியாசம் இருக்கிறது. மானாப் புல், குவாத்தமாலா புல் இரண்டும் தோட்டங்களில் பழைய தேயிலையைப் பிடுங்கிய நிலத்தில் மண்ணைத் தேற்றப் போடுபவை. விதை கட்டுமுன் வெட்டிக் காயவைத்து சாணளவுக்கு நறுக்கினால் அருமையான சருகு. நிழல் மரமாக நிற்கும் கிரவில்லியாவின் இலை நிறையக் கிடைக்கும், ஆனால் விறைப்பானது, மெதுவாகத்தான் மக்கும். சாக்குக்குள் போட்டுக் காலால் மிதித்து நொறுக்கிப் போடுங்கள். பைன் ஊசியும் அப்படித்தான், மெழுகுப் பூச்சு இருப்பதால் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும், கால்பங்குக்கு மேல் வேண்டாம். டர்பன்டைன் (யூக்கலிப்டஸ்) இலையில் எண்ணெய் அதிகம். புதிதாக விழுந்ததை விட்டுவிட்டு, ஒரு மழைக்காலம் நனைந்து வெளுத்துப்போனதைக் கொஞ்சம் சேர்க்கலாம். மரக்காலை மரத்தூளைக் கைப்பிடி கைப்பிடியாகத் தூவ மட்டும் வைத்திருங்கள், கொட்டினால் நைதரசனை எல்லாம் அது பிடித்துக்கொண்டு வேலையை நிறுத்திவிடும். வெலிமடை, பதுளைப் பக்கத்தவர்களுக்கு வைக்கோலும் உமியும் சுலபம். நம் பக்கம் கடைகளில் வீசும் காட்போட் பெட்டியும் முட்டை மட்டையும் இருக்கின்றன. ஒட்டுநாடாவை உரித்துவிட்டு உள்ளங்கை அளவு துண்டாகக் கிழித்தால் ஈரத்தை இவற்றைப் போல உறிஞ்சுவது வேறில்லை. பளபளப்புப் பூச்சுள்ள பெட்டியும் பால்மா பைக்கற்றும் வேண்டாம்.

தேயிலை கவ்வாத்து வெட்டும் காலத்தில் விறகுக்குக் குச்சி கொண்டுவருவீர்கள். அதில் விரல் பருமனுக்குக் குறைந்தவற்றை ஒதுக்கி, பெரலின் அடியில் அரை அடி உயரத்துக்குக் குறுக்கும் நெடுக்குமாகப் போடுங்கள். தண்ணீர் வடியவும் அடியிலிருந்து காற்று ஏறவும் அதுதான் வழி. இலையை மட்டும் மலையிலேயே விட்டுவிடுங்கள், அது அந்தச் செடிக்குச் சேர வேண்டியது.

பச்சைப் பக்கத்தில் நமக்குக் குறைவில்லை. கரட் தலை, லீக்ஸ் தோகை, கோவா மேலிலை, போஞ்சி நார், வாழைப்பழத்தோல், முட்டைக்கோது, எல்லாம் போகலாம். தடித்த தண்டையும் பலாச் சடையையும் கத்தியால் இரண்டு மூன்றாக வெட்டிப் போட்டால் பாதிக் காலத்தில் மக்கும். தேத்தண்ணிச் சக்கை நம் வீடுகளில் தினமும் சேரும் ஒரு பொக்கிஷம். நைதரசன் நிறைய உள்ளது, ஏற்கனவே நொறுங்கியது. வடிகட்டியில் நன்றாகப் பிழிந்துவிட்டுப் போடுங்கள். தெருவோரம் மஞ்சளாகப் பூத்து நிற்கும் காட்டுச் சூரியகாந்தியை யாரும் கணக்கெடுப்பதில்லை. அதன் இலையில் நைதரசனும் பொட்டாசியமும் நிறைந்திருக்கின்றன, பூக்குமுன் இளந்தண்டோடு வெட்டி நறுக்கிப் போட்டால் தொட்டி சூடேறுவதைக் கையால் உணரலாம். மாடு வைத்திருப்பவர் பக்கத்தில் இருந்தால் மாதத்துக்கு ஒரு வாளி சாணம் வாங்கி, தண்ணீர் குறைவாகக் கரைத்து, அடுக்குக்கு நடுவில் ஊற்றுங்கள். விலைக்கு விற்கும் ஊக்கி மருந்து எதுவும் தேவையில்லை. பழைய எருவில் ஒரு கைப்பிடியும் நல்ல தோட்டத்து மண் ஒரு கைப்பிடியும் அந்த வேலையைச் செய்யும்.

சோறு, கறி மிச்சம் கொஞ்சமாக இருந்தால் நடுவில் குழி பறித்துப் புதைத்து சருகால் மூடலாம். கோழியோ நாயோ இருந்தால் அவற்றுக்கே கொடுத்துவிடுவது மேல். கருவாட்டுத் தலை, மீன் கழிவு, எலும்பு, எண்ணெய் எதுவும் பெரலுக்குள் வேண்டாம். எலியும் தெருநாயும் அந்த வாடைக்குத்தான் வருகின்றன. எலி வந்தால் அதன் சிறுநீரால் எலிக்காய்ச்சல் வரும் அபாயம் உண்டு, காலில் வெட்டுக்காயத்தோடு வெறுங்காலில் அங்கே நடக்காதீர்கள். நாய் கூடினால் சில தோட்டங்களில் நாயைத் தேடிச் சிறுத்தையும் இறங்குகிறது. காட்டோரத்து வீடென்றால் பன்றியும் வந்து கிண்டும், அங்கே பெரலை இரண்டு இரும்புக் கம்பி அடித்துக் கட்டிவைக்க வேண்டும். மீன் கழிவை முழங்கை ஆழத்துக்குக் குழி தோண்டி, வாழை அடியிலோ முருங்கை அடியிலோ புதைத்துவிடுங்கள்.

நோயுள்ள செடியைப் பற்றி மட்டும் கடுமையாகச் சொல்கிறேன். சின்னப் பெரல் நோய்க்கிருமியைக் கொல்லும் அளவு சூடாகாது. கோவாவைப் பிடுங்கும்போது வேர் முண்டுமுண்டாக வீங்கியிருந்தால் அந்த வேரைத் தொட்டிக்குள் போடவே கூடாது. அந்த நோயின் வித்துகள் மண்ணில் பத்து வருடத்துக்கும் மேல் உயிரோடு கிடக்கும், எருவோடு சேர்த்துத் தோட்டம் முழுவதும் நீங்களே பரப்பியதாகிவிடும். உருளைக்கிழங்கோ தக்காளியோ பச்சையாக இருந்தபடியே திடீரென வாடினால் தண்டின் அடியை வெட்டி ஒரு கிளாஸ் தெளிந்த தண்ணீரில் நிறுத்திப் பாருங்கள். வெட்டிய முனையிலிருந்து பால் நூல் போல வெள்ளையாக இழுபட்டு இறங்கினால் அது பற்றீரியா வாடல். அந்தச் செடியைக் காயவைத்து எரித்துவிடுங்கள். இலை கருகல் பட்ட உருளைக்கிழங்குச் செடிக்கும் கிழங்குக்கும் இதே தீர்ப்பு. விதை முற்றிய களையும் வேண்டாம், அது அப்படியே பாத்தியில் முளைக்கும். களைமருந்து அடித்த இடத்துப் புல்லையும் தொடாதீர்கள்.

அடுப்புச் சாம்பல் விறகு எரிக்கும் வீடுகளில் தினமும் சேர்கிறது. எல்லாவற்றையும் பெரலில் கொட்ட ஆசை வரும். வாரத்துக்கு ஒரு கைப்பிடி போதும். சாம்பலும் சுண்ணாம்பும் காரத்தன்மை உள்ளவை, அதிகமானால் நைதரசன் அமோனியாவாகிப் பறந்துவிடும். மூத்திர வாடை அடித்தால் அதுதான் அர்த்தம். மிச்சச் சாம்பலைத் தனியாக ஒரு தகரப் பேணியில் வைத்து, பாத்தி போடும்போது மண்ணில் நேரே சேருங்கள். மலையக மண் புளிப்பு மண், தேயிலைக்கு அது பிடிக்கும், கோவாவுக்கும் பீட்ரூட்டுக்கும் பிடிக்காது. டொலமைட் சுண்ணாம்பு போடுவதானாலும் எருவோடு கலக்காமல் சில வாரம் முன்பின்னாக மண்ணுக்குப் போடுவதே சரி.

தினசரி வேலை மிகச் சின்னது. சமையலறை வாளியைக் கொண்டுபோய்க் கொட்டுங்கள், மேலே சருகால் தோலே தெரியாதபடி மூடுங்கள், தகரத்தை வையுங்கள். தாழ்வாரத்துச் சாக்கு தொட்டிக்குப் பக்கத்திலேயே இருந்தால்தான் இது நடக்கும். ஈ வந்து முட்டையிடுவது வெளியே தெரியும் கழிவில்தான், மூடிவிட்டால் உங்களுக்கு வந்த புழுப் பிரச்சினை முக்கால்வாசி போய்விடும். கீழே சாம்பல் நிறத்தில் தட்டையாக வரிவரியாக ஒரு தடித்த புழு கண்டால் பயப்பட வேண்டாம். அது சமையலறைக் கழிவைத் தின்று தீர்க்கும் ஒரு ஈயின் புழு, வீட்டுக்குள் வந்து உணவில் உட்காரும் ஈ அல்ல.

வாரம் ஒரு முறை அலவாங்கை நேராக அடிவரை இறக்கி, ஆட்டி, மேலே இழுங்கள். நாலைந்து இடத்தில் செய்தால் காற்றுக்கு வழி விழும். மாதம் ஒரு முறை பெரலையே மேலே தூக்கி எடுத்து, பக்கத்தில் வைத்து, நின்றதை மண் கிளறும் முள்ளால் திரும்ப உள்ளே போடுங்கள். அடியை வெட்டியதன் பலன் அப்போது தெரியும். அந்த நேரத்தில் நடுப்பகுதியில் ஒரு பிடி எடுத்து முழுப் பலத்தோடு பிழிந்து பாருங்கள். விரலிடுக்கில் ஒன்றிரண்டு துளி கசிந்து, கையை விரித்தால் உருண்டை மெல்ல உதிர வேண்டும். தண்ணீர் ஒழுகினால் சருகு. ஒரு துளியும் வராமல் தூளாகக் கொட்டுண்டால், எறும்பும் ஊர்ந்தால், அரிசி கழுவிய தண்ணீர் ஒரு போத்தல். இலைகளுக்கிடையில் வெள்ளைப் பூஞ்சணம் படர்ந்திருப்பதைப் பார்த்து சிலர் கெட்டுவிட்டது என்று கொட்டிவிடுகிறார்கள். அது நல்ல அறிகுறி, தடித்த சருகை உடைப்பதே அதுதான்.

குளிரைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். குவியல் சூடேறுவது நுண்ணுயிர்களின் உடல்சூட்டால். ஒரு கன மீற்றர் குவியல், அதாவது மூன்றடிக்கு மேல் நீள அகல உயரம், தன் சூட்டைத் தானே பிடித்துக்கொண்டு 55 முதல் 65 பாகை வரை போகும், களை விதையும் நோயும் சாகும். உங்கள் பெரல் 200 லீற்றர், அதில் ஐந்தில் ஒன்று. நம் இரவுக் குளிரில் உள்ளிருக்கும் சூடு பக்கவாட்டால் வெளியேறிவிடும். அதனால் எரு ஆகாமல் போகாது, நேரம்தான் எடுக்கும். பதுளை, கண்டிப் பக்கத்தில் மூன்று மாதத்தில் ஆவது நோர்வூட்டில் நான்கைந்து மாதம், நுவரெலியாவில் அரை வருடத்தைத் தாண்டும். பெரலைச் சுற்றிச் சாக்குக்குள் சருகு அடைத்துக் கட்டினால் ஒரு மாதம் மிச்சம், ஓட்டைகளை அடைத்துவிடாமல் கட்டுங்கள். இரண்டு பெரல் இருப்பது இன்னும் நல்லது. ஒன்று நிறைந்ததும் அதில் புதிதாக எதுவும் போடாமல் ஆறவிட்டு, மற்றதைத் தொடங்கலாம். நிறைந்த பெரல் பாதிக்கும் கீழே இறங்கிவிடும், அதைப் பார்த்து மனம் சோர வேண்டாம்.

குழி தோண்டிப் புதைப்பதா என்றும் கேட்டீர்கள். மழைக்காலக் குழி தண்ணீர்த் தொட்டிதான், எரு கிடைக்காது. நோயுள்ள செடியைத் தவிர மற்றதை எரிப்பதும் ஆற்றில் விடுவதும் பேச்சுக்கே இல்லை. உங்கள் பக்கத்தில் கானில் தள்ளும் குப்பை கெசல்கமு ஓயா வழியாக காசல்ரீ நீர்த்தேக்கத்துக்குப் போகிறது, அந்தத் தண்ணீர் களனி ஆறாக இறங்கிக் கொழும்பில் குடிதண்ணீராகிறது. தோட்டத்து மக்கள் குப்பையை எங்கே போடுவார்கள் என்று நெடுங்காலம் யாரும் கேட்கவில்லை. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம் தோட்டப் பகுதிகளுக்குச் சபையின் பணத்தைச் செலவிட இடங்கொடுக்காமல் இருந்து, 2018இல்தான் திருத்தப்பட்டது. வரி கட்டும் எவருக்கும் உள்ள உரிமை நமக்கும் உண்டு, குப்பை வண்டி கேட்டு மனுக் கொடுங்கள். மக்கும் கழிவு உங்கள் பெரலுக்குப் போய்விட்டால் வண்டிக்குக் கொடுக்க மிஞ்சுவது பொலித்தீனும் போத்தலும்தான், அது வாரக்கணக்கில் வைத்திருந்தாலும் நாறாது.

இந்த எருவிடம் எதை எதிர்பார்க்கலாம் என்பதையும் நேராகச் சொல்கிறேன். 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதியைத் திடீரென்று நிறுத்தி, எல்லாவற்றையும் சேதனப் பசளையில் செய்யச் சொன்னார்கள். நவம்பருக்குள் அதைக் கைவிட வேண்டி வந்தது. கணக்கைப் பார்த்தால் ஏனென்று விளங்கும். நல்ல வீட்டுக் கூட்டெருவில் நைதரசன் ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்று, யூரியாவில் 46. ஐம்பது கிலோ எருவில் இருப்பது ஒரு கிலோவுக்குச் சற்று மேற்பட்ட யூரியாவின் நைதரசன்தான், அதுவும் மெதுவாகத்தான் வெளிவரும். மலையளவு தேயிலைக்கு அது எங்கே போதும்? ஆனால் வீட்டுத்தோட்டத்தின் கதை வேறு. உங்கள் 7 பேர்ச்சஸ் காணியை சமப்படுத்த ஜேசிபி வந்தபோது மேல்மண்ணைச் சுரண்டித் தள்ளிவிட்டு, கீழிருந்த செம்மஞ்சள் களியைத்தான் மேலே விட்டுப் போயிருக்கும். மழையில் சேறு, வெயிலில் கல். அதற்கு முதலில் வேண்டியது உரமல்ல, தண்ணீரையும் சத்தையும் பிடித்துவைக்கும் மக்கு. அதை யூரியா தராது, பெரல்தான் தரும். முதல் இரண்டு வருடம் எரு முழுவதையும் ஒரே பாத்தியில் போடுங்கள், காணி முழுக்கத் தூவினால் எங்கேயும் தெரியாது.

எரு ஆகிவிட்டதா என்று அறிய மூக்குப் போதும்: மழை விழுந்த காட்டு மண் வாசனை வர வேண்டும், போட்டது எதுவென்று அடையாளம் தெரியக் கூடாது. சந்தேகமாக இருந்தால் ஈரமான ஒரு பிடியை ஷொப்பிங் பையில் கட்டி மூன்று நாள் வைத்துத் திறந்து பாருங்கள். புளித்த வாடை வந்தால் இன்னும் ஒரு மாதம் விடுங்கள். அவசரப்பட்டுப் போட்ட பாதி எரு செடியின் நைதரசனை இழுத்துக்கொள்ளும், இலை மஞ்சளாகும். உடையாத குச்சியையும் கோதையும் சல்லடையில் சலித்து, அடுத்த பெரலின் அடிக்குப் போட்டுவிடலாம்.

போடும்போது சரிவில் மேலே தூவிவிட்டுப் போகாதீர்கள், ஒரே ஒரு மழை எல்லாவற்றையும் கீழ்வீட்டுக் கானுக்குக் கொண்டுபோய்விடும். பாத்தியைச் சரிவுக்குக் குறுக்காகப் போட்டு, சதுர மீற்றருக்கு இரண்டு மூன்று கிலோ எருவை நாலு விரல் ஆழத்துக்கு மண்ணோடு கிளறி, மேலே மானாப் புல்லை மூடாக்காகப் பரப்புங்கள். கோவா, லீக்ஸ் நாற்றுக்கு நடும் குழியில் இரண்டு கைப்பிடி போட்டு மண்ணோடு கலந்துவிட்டு நடலாம். சாக்கில் வளர்ப்பதானால் எரு ஒரு பங்கு, மண் இரண்டு பங்கு. முழுக்க எருவில் நட்டால் மழையில் அமுங்கி வேர் அழுகும். இப்போது பெரலை வெட்டித் தயார் செய்துவிட்டால், பெப்ரவரி சருகோடு தொடங்கி ஜூலைக்குள் முதல் எரு கைக்கு வரும். அது பெருமழை நேரம் என்பதால் அள்ளிய எருவைச் சாக்கில் கட்டித் தாழ்வாரத்தில் வைத்திருந்து, மழை தணிந்த பின் போஞ்சி ஊன்றும் பாத்திக்குப் பயன்படுத்துங்கள்.